திருமுக்கூடல் ஆதுலர்சாலையும் வாசாரீதகியும்

தொண்டை நாட்டிற் பாலாறும் செய்யாறும் வேகவதியும் ஒருங்கு கூடும் இடத்தே திருமுக்கூடல் என்னும் ஊர் உளது. அவ்வூர் வேங்கடேசப் பெருமாள் கோயிற் சுவரில் வீரராசேந்திர சோழதேவனது நெடுஞ்சாசனம் ஒன்று பொறிக்கப்பெற்றிருக்கின்றது. இவ்வேந்தன் கி.பி. 1063 முதல் 1070 வரை ஆண்டவன். தில்லைக் கூத்தப்பெருமானுக்குத் திரைலோக்கியசாரம் என்னும் மாணிக்கத்தைச் சாத்தி வழிபட்ட சிவநேயச் செல்வன். சாசனம் அவன் ஆட்சியின் இறுதியாண்டுகளில், கி.பி. 1068ஐ ஒட்டி எழுந்தது. அதனைக் கே. வி. சுப்பிரமணிய ஐயர் ஆராய்ந்து எபிகிராபியா இண்டிகா 21ஆம் தொகுதியில் வெளியிட்டனர். சிவநேயனாகிய வேந்தன் காலத்துத் திருமால் கோயிலில் எழுந்த அறம் இஃது என்பதும், அவ்வறத்தின்கீழ் உண்டு பயின்றோருட் பாஞ்சராத்திரம் பயில்வோரும் சிவப்பிராமணரும் உடன் எண்ணப்பெற்றனர் என்பதும், சமயப் பூசல் ஒன்றையே பழமை என்று எண்ணுவார் ஒருகாற் சிந்திக்கத் தக்கன.

வயலைக்காவூர் என்னும் ஊரின் வருவாயைக்கொண்டு கோயிற் பூசையும் விழாவும் கல்விச்சாலையும் மாணாக்கர் ஊட்டுப்புரையும் நடத்தற்கு அச்சாசனம் வகை செய்கின்றது. அவற்றோடு ஒன்றாக, வீரசோழன் என்னும் பெயருடைய ஆதுலர்சாலை ஒன்றும் அங்கு அமைக்கப்பெற்றது. ஆதுலர் என்பார் நோயாளர். அச்சாலையிற் கோயிற் பணியாளரும் கல்வி பயில்வாரும் நோயுற்றுழித் தங்கிப் பரிகாரம் பெறுதற்குப் பதினைந்து கிடைகள் இடப்பட்டன. மருத்துவர் ஒருவர், சல்லியக்கிரியை செய்வார் ஒருவர், பச்சிலையும் விறகும் கொணர்ந்து மருந்து செய்வார் இருவர், நோயாளர்க்கு ஏவல் செய்து மருந்தட்டு உதவும் பெண்டிர் இருவர், நாவிதர் ஒருவர் என்று பணியாளர் வகுக்கப்பட்டனர். மருத்துவர்க்கு நாளொன்றுக்கு முக்குறுணி நெல்லும், சல்லியக்கிரியை செய்வார்க்கு ஒரு குறுணி நெல்லும் அளக்கப்பட்டன. அறுவை செய்வாரினும் மருந்து கொடுப்பார்க்கு மும்மடங்கு ஊதியம் என்பது இக்காலத்து மருத்துவசாலைகளின் வழக்கத்திற்கு மாறாதலின் படிப்பாரை முறுவலிக்கச் செய்யும்.

இவையெல்லாவற்றினும் ஆராய்ச்சியாளர் உள்ளத்தைக் கவர்வது, ஓராண்டிற்கு வேண்டும் மருந்துகளைச் சாசனம் பெயர் சுட்டி எண்ணி வைத்துள்ள பகுதியாம். ஏறத்தாழ இருபது மருந்துகள் அங்குக் கூறப்படுகின்றன. தைலங்களும் நெய்களும் குளிகைகளும் உப்பு மருந்தும் அவற்றுள் அடங்கும். அவ்வட்டவணையை ஊன்றி நோக்குவார்க்கு ஒன்று புலனாம். வாசாரீதகி, கோமூத்திராரீதகி, தசமூலாரீதகி, பல்லாதகாரீதகி என்று நான்கு மருந்துகள் கடுக்காயின் பெயரையே தாங்கி நிற்கின்றன. அரீதகி என்பது கடுக்காய்க்கு வடமொழிப் பெயர். இவற்றோடு வில்வாதி கிருதமும் வைக்கப்பட்டது. வில்வம் சிவபூசைக்குரிய பத்திரம் மாத்திரமன்று. அதன் பிஞ்சு கழிச்சலையும் கிராணியையும் நீக்கும் பொருட்டு வைத்தியர் நெடுங்காலமாக ஆண்டு வருவது. பதினைந்து கிடைகளையே உடைய ஒரு சிறு மருத்துவசாலை தன் மருந்துக் கிடங்கில் வயிற்றிற்கும் குடலிற்கும் இத்துணை இடம் கொடுத்தது தற்செயல் என்று தள்ளிவிடற்பாலதன்று.

நான்கனுள் முதலதாகிய வாசாரீதகியே ஈண்டு விரித்துரைக்கப்படுவது. வாசை என்பது ஆடாதோடை. இலை தின்னும் ஆடும் தொடாது விலகுவதாலே அப்பெயர் பெற்றதென்பர். வேலியோரங்களில் யாரும் நீர் வாராமலே தழைத்து நிற்கும் இச்செடியின் இலைச்சாறு இருமல், இரைப்பு, கோழைக்கட்டு, இரத்தங் கக்கல் என்னும் நெஞ்சு நோய்களுக்கு உரியது. வைத்திய நூல்களிற் காணும் முறைப்படி, ஆடாதோடைக் கியாழத்திற் கடுக்காயை வேவித்து, வெல்லப்பாகு கூட்டி, இலேகிய பதத்தில் இறக்கி, ஆறியபின் தேனும் திப்பிலி முதலிய கார்ப்புப் பொருள்களும் சேர்ப்பர். இருமலுக்கு மருந்து ஆடாதோடை. கடுக்காயோ மலத்தை இளக்கிக் குடலைத் தூய்மை செய்வது. நெஞ்சு நோய்க்குரிய இலையோடு குடலுக்குரிய காய் ஏன் ஒரே கலத்தில் வெந்தது என்பதே வினா.

விடை பண்டை வைத்திய நூற்கொள்கையில் உளது. சுரம் தோன்றுமாறு கூறப் புகுந்த சரகசங்கிதை, கெட்ட தோடங்கள் ஆமாசயத்தை அடைந்து ஆண்டுள்ள தீயினைத் தன்னிடத்தினின்றும் பெயர்த்து உடல் முழுதும் பரப்புதலே சுரம் என்றும், ஆதலின் புதுச்சுரத்திற்கு முதற்கண் இலங்கனம், அஃதாவது உணவு குறைத்தல், செய்யவேண்டும் என்றும் உரைக்கின்றது. இரைப்பு நோயும் அந்நூற் கருத்தின்படி நெஞ்சில் மாத்திரம் பிறப்பதன்று; பித்தத்தின் இருப்பிடமாகிய வயிற்றில் அதன் தோற்றம் உளது. தமிழ் மருத்துவரும் இதனையே தம் வழக்கத்திற் கைக்கொண்டனர். தேரையர் பெயரால் வழங்கும் நோயணுகாவிதி, நோய் வருமுன் காக்கும் ஒழுக்கத்தைக் கூறுமிடத்து, ஆறு திங்கட்கு ஒருமுறை வமனமும் நான்கு திங்கட்கு ஒருமுறை பேதியும் ஒன்றரைத் திங்கட்கு ஒருமுறை நசியமும் விதித்தது. நசியம் மூக்கின் வழி இடும் மருந்து. பேதி குடலின் வழி. மூச்சின் வாயிலையும் மலத்தின் வாயிலையும் ஒரே விதியில் வைத்து எண்ணியவர்க்கு நெஞ்சும் வயிறும் தொடர்பின்றித் தனித்தியங்கும் உறுப்புக்களாகத் தோன்றவில்லை.

இக்கொள்கையை மேனாட்டு முறையிற் பயின்ற மருத்துவர் பலர் நெடுநாள் நகையாடினர். சளி மூக்கில் ஒழுக, வைத்தியர் வயிற்றைக் கழுவுகின்றார் என்பது அவர் சொல். அந்நகையாட்டிற்கு ஓரளவு இடம் உண்டு. நலிந்த நோயாளியைப் பேதியாலும் பட்டினியாலும் மேலும் நலிவித்த வைத்தியரும் இருந்தனர். ஆயினும் கொள்கையையே பொருளற்றதென்று தள்ளுதற்கு இனி இடமில்லை. இம்மருந்தின் இரு பொருள்களையும் தனித்தனியே நோக்குதல் தகும்.

ஆடாதோடையினின்று வாசிசின் என்னும் காரப்பொருளை 1888ஆம் ஆண்டிற் பிரித்தெடுத்தவர் டேவிட் ஹூப்பர். அவர் நீலகிரியிற் சென்னை அரசினர் கொயினாத் துறையில் இரசாயன ஆராய்ச்சி செய்த ஆங்கிலேயர். வாசிசினின் அமைப்பை முன்மாதிரியாகக் கொண்டு ஜெர்மானிய இரசாயன அறிஞர் புரோம்ஹெக்சின் என்னும் மருந்தை ஆக்கினர். அது 1960களில் வழக்கிற்கு வந்தது. உட்கொண்ட புரோம்ஹெக்சின் உடலில் மாறிப் பிறக்கும் பொருளே அம்ப்ராக்சால். கோழையை நெகிழ்த்து வெளியேற்றுதற்கு இவ்விரண்டையும் மேனாட்டு மருத்துவர் உலகெங்கும் எழுதிக் கொடுக்கின்றனர். திருமுக்கூடல் வைத்தியர் இடித்த இலையின் வழிவந்ததையே இருமலுற்ற இக்காலத்து நோயாளி மருந்துக் கடையிற் குப்பியாக வாங்குகின்றார். எனினும் இம்மருந்துகள் செய்வது கோழையை இளக்குதலே. நோயை உண்டாக்கும் வைரசைக் கொல்வது அவற்றின் தொழிலாக நிறுவப்படவில்லை. அன்றியும் வாசிசின் கருப்பையைச் சுருக்கும் இயல்புடைத்தாதலின் கருவுற்ற மகளிர்க்கு ஆடாதோடையைக் கொடுத்தலாகாது. பச்சிலை என்றால் யாவர்க்கும் யாண்டும் தீங்கில்லை என்று எண்ணுவார் இதனை மறவாதிருத்தல் வேண்டும்.

கடுக்காயின் செய்தி இதனினும் நுட்பமானது. அதன் கொட்டையை நீக்கித் தோலையே கொள்க என்பது வைத்தியர் மரபு. அகத்தே நஞ்சுண்டு என்பது அவர் கூறும் காரணம். அத்தோலின் துவர்ப்புக்குக் காரணமாகிய டானின் என்னும் பொருள்கள் பெரும்பாலும் உண்டவாறே உடலில் ஏறுவன அல்ல. அவை பெருங்குடலைச் சேர்ந்து, ஆண்டு வாழும் எண்ணிறந்த நுண்ணுயிர்களாற் சிதைக்கப்பெற்று, யூரோலித்தின் முதலிய சிறு பொருள்களாக மாறிய பின்னரே குருதியிற் கலக்கின்றன. ஆகவே கடுக்காயின் பயனை முடித்துக் கொடுப்பது உண்டவன் குடலில் வாழும் உயிர்க்கூட்டமே. ஒரே மருந்து ஒருவர்க்குப் பலித்து மற்றொருவர்க்குப் பலியாமைக்கு உடற்கூறு வேறுபாட்டைக் காரணமாகக் கூறிய முன்னோர் கூற்று இங்கு நினைவிற்கு வரும்.

இக்குடலுயிர்க்கும் மூச்சுறுப்பைத் தாக்கும் வைரசுக்கும் யாது தொடர்பு? இவ்வினாவிற்கு விடை தேடிய மூன்று சோதனைகள் அறியத் தக்கன. மூன்றும் எலிகளிற் செய்யப்பட்டன. முதலாவது, 2011ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டு யேல் பல்கலைக்கழகத்தார் வெளியிட்டது. கிருமிக்கொல்லி மருந்துகளாற் குடலுயிர் குலைந்த எலிகள் இன்புளுயன்சா வைரசை எதிர்க்கும் ஆற்றலிற் குன்றின. வைரசு புகுந்தது நுரையீரலில். எதிர்ப்பு குன்றியதற்குக் காரணம் குடலில். இரண்டாவது, 2017ஆம் ஆண்டிற் செயின்ட் லூயி நகரத்து வாஷிங்டன் பல்கலைக்கழகத்தார் கண்டது. காய் கனி இலைகளிலுள்ள பிளேவனாய்டு என்னும் பொருள்களைக் குடல் நுண்ணுயிர் ஒன்று சிதைக்குங்கால் தெசமினோடைரோசின் என்னும் பொருள் பிறக்கின்றது. அது குருதி வழியே பரந்து, இன்டர்பெரான் என்னும் காப்புப்பொருளின் தொழிலைத் தூண்டி, இன்புளுயன்சாவால் நுரையீரல் அழியாது காக்கின்றது. மூன்றாவது, 2018இல் வெளிவந்தது. நார்ச்சத்து மிக்க உணவுண்ட எலிகள் அதே நோயை நன்கு தாங்கின. குடலுயிர்கள் நார்ப்பொருளைப் புளிக்கச் செய்து பிறப்பிக்கும் கொழுப்பமிலங்கள் நுரையீரலில் மிகையாக எழும் அழற்சியைத் தணித்தமையே காரணம் என்று அறியப்பட்டது.

இவற்றைப் படிக்கும் அன்பர் சிலர், சரகரும் தேரையரும் கூறியது இதுவே என்று உடனே முரசறையப் புகுவர். அவசரம் வேண்டுவதில்லை. அச்சோதனைகளில் ஒன்றும் கடுக்காயைக் கொண்டு செய்யப்பட்டதன்று. இரண்டாவது சோதனையிலும் அப்பொருள் நோய் புகுமுன் இருந்தாற்றான் காத்தது. நோய் முற்றிய பின்னர் அத்தகைய தூண்டுதல் தீங்காகவும் முடியக்கூடும் என்று ஆராய்ந்தவர்களே எச்சரித்தனர். முன்னோர் வைரசைக் கண்டவரல்லர். மனிதரைப் பற்றும் இன்புளுயன்சா வைரசை இலண்டன் நகரத்து அறிஞர் மூவர் பிரித்தறிந்ததே 1933ஆம் ஆண்டில். 1918ஆம் ஆண்டிற் பம்பாய்த் துறைமுகத்தின் வழியே புகுந்து இந்திய நாட்டில் ஒரு கோடிக்கு மேற்பட்டோரை மாய்த்த விஷசுரத்திற்கு மருந்து கொடுத்த வைத்தியரும் டாக்டரும் அந்நோயின் காரணத்தை ஒருங்கே அறியாதவராகவே இருந்தனர். முன்னோர் அறிந்தது மற்றொன்று. நெஞ்சில் நோயுற்றவன் வயிறு செவ்வையாக இருப்பின் எளிதிற் பிழைக்கின்றான், வயிறு கெட்டவன் வீழ்கின்றான் என்பதனைத் தலைமுறை தலைமுறையாகப் படுக்கையருகே இருந்து கண்டனர். கண்டதனைத் தோடம், ஆமாசயம், தீ என்னும் தம் சொற்களால் உரைத்தனர். கண்ட காட்சி ஒன்று, அதற்குக் கூறிய காரணம் பிறிதொன்று என்று பிரித்தறிபவர்க்கு இரண்டையும் ஒருங்கே கொள்ளவேண்டிய கட்டாயமும் இல்லை, ஒருங்கே தள்ளவேண்டிய கட்டாயமும் இல்லை.

இவ்வேறுபாடு ஏட்டளவில் நிற்கும் நுணுக்கமாகத் தோன்றலாம். 2020ஆம் ஆண்டில் அஃது உயிரளவிற்கு வந்தது. கொரோனா வைரசு பரவியபொழுது தமிழ்நாட்டு அரசு கபசுரக் குடிநீரைப் பொதுமக்கட்கு வழங்கிற்று. சித்த வைத்தியத் திரட்டில் உள்ள அம்மருந்து பதினைந்து சரக்குகளால் ஆயது. சுக்கு, திப்பிலி, இலவங்கம், அக்கிரகாரம், சீந்தில், நிலவேம்பு, கோரைக்கிழங்கு முதலியவற்றோடு ஆடாதோடை இலையும் கடுக்காய்த் தோலும் அதிற் சேர்ந்தன. திருமுக்கூடலில் ஒரு கலத்தில் வெந்த இரண்டும் ஏறத்தாழ 950 ஆண்டுகளுக்குப் பின்னர்த் தெருமுனையில் நின்ற அண்டாவில் மீண்டும் ஒன்றாக வெந்தன. இடையில் நூல்கள் மாறின, மொழி மாறிற்று, அரசுகள் பல மாறின. இவ்விரண்டின் கூட்டு மாறவில்லை. வரலாறு பயில்வார்க்கு இது பெருமகிழ்ச்சி தரும் செய்தி.

ஆனால் அக்குடிநீரை அருந்தியமையாலே நோய் அணுகாது என்று நம்பி, கூட்டத்தில் நெருங்கியும் பின்னர்த் தடுப்பூசியை மறுத்தும் நின்றாரும் அக்காலத்து இருந்தனர். சுரத்தையும் கோழையையும் தணித்து உடலுக்கு உதவுவது ஒரு பயன். வைரசு புகாமற் காப்பது முற்றிலும் வேறு பயன். முன்னதற்கு மரபின் நெடுங்காட்சியும் இக்காலத்துச் சில ஆய்வுகளும் துணை நிற்கின்றன. பின்னதற்கு, அக்கொள்ளை நோயில் இறப்பைக் குறைத்ததாகப் பல நாடுகளிலும் நிறுவப்பட்டது தடுப்பூசியே. பழமையின்மேல் அன்புடையார் அதன் தலையில் அது சுமவாத சுமையை ஏற்றுதல் அதற்குச் செய்யும் இழிவாகும்.

இனிச் சைவ அன்பர் சிலரிடத்து வேறொரு மயக்கம் உண்டு. நோய் வினைப்பயன், வினையை நுகர்ந்தே தொலைக்க வேண்டும், மருந்து தேடுவதும் நோயாளர்க்குச் சாலை அமைப்பதும் வினையோடு மாறுகொள்வனவாம் என்பர். திருநாவுக்கரசர் சூலை மருத்துவர் கையிற் றீராது திருவதிகைப் பெருமான் அருளாலே தீர்ந்தமையைச் சான்று காட்டுவர். அவ்வரலாறு ஆண்டவன் அவரை ஆட்கொண்ட முறையைக் காட்டுவது. வயிற்றுநோய் உற்றார் அனைவரும் மருந்தை எறிந்துவிடுக என்னும் விதியைக் கூறவந்ததன்று. திருஞானசம்பந்தர் கொங்கு நாட்டுக் கொடிமாடச் செங்குன்றூரில் எழுந்தருளியிருந்த காலத்து அடியார்கள் பனிக்காலத்துக் குளிர்சுரத்தால் நடுங்கியதனையும், அவர் திருநீலகண்டப் பதிகம் பாடி அதனை நீக்கியதனையும் சேக்கிழார் உரைக்கின்றார். அச்சுரம் யாதென்று இக்காலப் பெயரிட்டுத் துணிதற்கு இடமில்லை. நடுக்கத்தை நோக்கின் முறைச்சுரமாதலுங் கூடும், இன்புளுயன்சா என்று துணிந்து எழுதுவார் எழுத்து ஏற்புடையதன்று. ஈண்டு நோக்கற்பாலது பதிகத்தின் கருத்து. வினைக்குத் தக்கவாறு பயன் விளையும் என்பதனை அறிந்திருந்தும் உய்யும் வழியை நாடாது வாளா இருத்தல் குறையன்றோ என்றே பிள்ளையார் தம்மவரை வினவுகின்றார். வினை உண்டென்பதனையே வாளா இருத்தற்குக் காரணமாகக் காட்டுவார்க்கு அப்பதிகத்தில் இடமில்லை.

சைவ மடங்கள் இக்கருத்தைச் செயலிலும் காட்டின. கோளகி மடத்துச் சைவாசாரியராகிய விசுவேசுவர சம்பு, காகதீய வேந்தன் கணபதிதேவனுக்குத் தீக்கை செய்த குரவர். கணபதிதேவனும் அவன் மகள் உருத்திராம்பையும் அவர்க்குக் கொடுத்த ஊர்களின் வருவாயை அவர் பகுத்தவாற்றைக் கிருஷ்ணையாற்றங்கரையிலுள்ள மல்காபுரத்துத் தூண் சாசனம் கூறுகின்றது. அதன் ஆண்டு கி.பி. 1261. கோயிலும் மடமும் கல்விச்சாலையும் அன்னசத்திரமும் அவ்வாசிரியரால் நிறுவப்பெற்றன. அவற்றோடு ஆரோக்கியசாலை ஒன்றும், மகளிர் மகப்பேற்றிற்கெனப் பிரசூதிசாலை ஒன்றும் அமைந்தன. மகப்பேற்று மனைக்கு மடத்து வருவாயில் உரிமை வகுத்தவர் துறவு பூண்ட ஓர் ஆசாரியர் என்பது குறிக்கத்தக்கது. இதற்கு இருநூற்றைம்பது ஆண்டளவிற்கு முன்னரே, இராசராசன் தமக்கையாராகிய குந்தவைப் பிராட்டியார் தஞ்சையில் தம் தந்தை சுந்தரசோழர் பெயரால் ஆதுலர்சாலை கண்டு, மருத்துவர்க்கு நிலம் அளித்திருந்தனர்.

மீண்டும் திருமுக்கூடலுக்கு வரின், சாசனத்தில் மருந்துகளின் பெயரை மாத்திரம் தேடிப் படிப்பார் கண்ணிற் படாது போவன சில உள. நோயாளர் ஒவ்வொருவர்க்கும் நாள்தோறும் அரிசி வகுக்கப்பட்டது. சாலையில் இரவெல்லாம் எரியும் விளக்கிற்கு எண்ணெய் வகுக்கப்பட்டது. வாசாரீதகி எத்துணைச் சிறந்ததாயினும் அதனைக் கொடுத்து அனுப்பிவிடவில்லை. இருமுபவனைக் கிடத்தி, கஞ்சி ஊட்டி, இருளில் அவன் முகம் தெரியும்படி விளக்கிட்டு, அருகே இரு பெண்டிரையும் இருத்தினர். அப்பெண்டிர் பெயரைக் கல் கூறவில்லை. அவர்கட்கு அளந்த நெல்லை மாத்திரம் கூறுகின்றது.